நடக்காத பரேடும் உண்டு

'பரேடு' என்ற சொல்லைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, பரேடு என்றால் ராணுவ நடை என்பதோடு நிறுத்திக்கொண்டது. சரி, ஆனால் வேர்ச்சொல்லான லத்தீன் 'பராரே'வுக்குத் தயார் செய்வது என்றுதான் பொருள். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பகட்டு, வீரர்களைப் பார்வையிட வரிசையாக நிறுத்துவது என்ற அர்த்தங்களும் ஒட்டிக்கொண்டே வந்தன. ஸ்பானிய 'பராடா' இன்றைக்கும் பஸ் ஸ்டாப்!

நம் ஊர் அடையாள அணிவகுப்பையே பாருங்கள். சிறையில் மாஜிஸ்திரேட் முன்னால், சந்தேக நபரை அவரைப் போலவே தோற்றமுள்ள சிலரோடு கலந்து நிற்க வைப்பார்கள். சாட்சி வந்து ஆளைக் காட்ட வேண்டும். நடைக்கு அங்கே பெரிதாக வேலையில்லை, ஆங்கிலத்தில் அதுவும் பரேடுதான்.

அப்புறம், பெங்களூர் எம்.ஜி. ரோட்டின் பழைய பெயர் சவுத் பரேடு. ராணுவ பரேடு மைதானம் இன்னும் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது.