வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்காதீர்கள்

"கண்ணில் வலி இல்லையென்றால் அவசரமில்லை, இரண்டு நாள் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் பார்வையையே பறிக்கக்கூடிய யோசனை.

விழித்திரை (கண்ணின் உட்புறப் பின்பக்கத்தில் ஒளியை உணரும் படலம்) தன் இடத்திலிருந்து விலகும்போது வலியே இருக்காது. திடீரென மின்னல் கீற்றுகள், கொசுக்கூட்டம் போலக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போன்ற நிழல், இவைதான் அறிகுறி. விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனி அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான்: ஒரு கண் சட்டென்று இருண்டுவிடும், வலிக்காது. அது கண்ணுக்கு வந்த பக்கவாதம். சில நிமிடங்களில் பார்வை திரும்பிவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடுத்த அடைப்பு மூளையில் வரலாம்.

வலியோடு வந்தும் ஏமாற்றுவது, கண் அழுத்தம் திடீரென ஏறுவது. தலைவலி, வாந்தி என்பதால் பலர் மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். கூடவே கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சுண்ணாம்பு, அமிலம் ஏதாவது தெறித்தால் மட்டும் வரிசை மாறும்: முதலில் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், பிறகுதான் வண்டி. (சுண்ணாம்பு பெரும்பாலும் அமிலத்தைவிட ஆழமாக அரிக்கும்.) குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கவோ கண்ணை அழுத்தவோ வேண்டாம், காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

மாறாக, அடிபடாமல், வலியோ மங்கலோ இல்லாமல் வெள்ளைவிழியில் ரத்தத் திட்டு மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் 2 வாரத்தில் தானே கரைந்துவிடும். பார்க்கத்தான் பயங்கரம்.