பிரிந்து இருந்தாலே விவாகரத்து ஆகிவிடாது

"ஒரு வருஷம் செப்பரேட்டடா இருந்தா தானாவே டைவர்ஸ்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தப்பு. கணவர் மதுரை செல்லூரிலும் மனைவி திருமங்கலத்தில் அம்மா வீட்டிலும் பத்து வருஷம் இருந்தாலும் சட்டப்படி கல்யாணம் அப்படியேதான் இருக்கும். அந்த நிலையில் இன்னொரு கல்யாணம் செய்தால் கேஸ்தான்.

அந்த ஒரு வருஷம், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் இருவரும் சம்மதித்து மனு போடுவதற்கான தகுதி மட்டுமே. அப்புறம் பொதுவாக 6 மாதம் கழித்து மறுபடி மதுரை குடும்பநல நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும். (சில சூழலில் இதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.) தனி வீடுகூடக் கட்டாயமில்லை, ஒரே கூரையின் கீழ் தம்பதியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிந்து வாழ்வதுதான் என்று 1991-லேயே தீர்ப்பு இருக்கிறது.

வரன் ஜாதகத்தோடு வரும் பயோடேட்டாவில் 'செப்பரேட்டட்' என்று பார்த்தால், புரோக்கர் பேச்சை விட்டுவிட்டு விவாகரத்துத் தீர்ப்பு நகலைக் கேளுங்கள்.