புது மல்யுத்த அணிகள் எங்கிருந்து வரும்?

தேசியப் போட்டி நடக்கும் மார்ச் மாதம் வந்தால் போதும், இங்கே அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த ரசிகர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள். டெக்சாஸ், அலபாமா, ஃப்ளோரிடா மாதிரிப் பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரு அணி தொடங்கினால் எப்படி இருக்கும்! 2025-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இறுதிப் போட்டியில், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கேபிள் ஸ்டீவ்சனை ஒக்லஹோமா ஸ்டேட்டின் வயட் ஹெண்ட்ரிக்சன் கடைசி நொடிகளில் வீழ்த்தினார். அதற்கப்புறம் பாட்டுச் சத்தம் இன்னும் கூடிவிட்டது. அரங்கம் நிறைகிறது, டிவியில் பார்க்கிறார்கள், பள்ளிகளில் பிள்ளைகள் குவிகிறார்கள், கல்லூரிகளுக்கு மட்டும் என்ன தயக்கம் என்கிறார்கள்.

(ரெஸ்லிங் என்றதும் அண்டர்டேக்கரை நினைக்கும் நம் ஊர் நண்பர்களுக்கு: இது அது இல்லை. இங்கே நாற்காலி உட்காருவதற்கு மட்டும்தான்.)

என் மகள் டெக்சாஸில் பள்ளி அணியில் இருக்கிறாள். அதனால் எனக்கு இது பொழுதுபோக்குப் பேச்சு இல்லை. புது அணிகள் வரும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் ரசிகர்கள் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் அந்தப் பெரிய வீடுகளிலிருந்து வராது.

டெக்சாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் இறுதியிலிருந்தே இங்கு பள்ளி மல்யுத்தத்துக்கு அதிகாரபூர்வ மாநிலப் போட்டி உண்டு, பெண்களுக்கும் சேர்த்து. ஆனாலும் மாநிலம் முழுவதும் தேடினாலும் டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) ஆண்கள் அணி ஒன்றுகூடக் கிடையாது. டெக்சாஸ், அலபாமா, ஃப்ளோரிடா மூன்றும் இருக்கும் எஸ்.இ.சி. கூட்டமைப்பில் 16 பல்கலைக்கழகங்கள். மிசூரி, ஒக்லஹோமா இரண்டைத் தவிர யாரிடமும் ஆண்கள் மல்யுத்த அணி இல்லை. அந்த இரண்டும் இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் பிக் 12 கூட்டமைப்பில் போய் மோதுகின்றன. 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் 140-க்கு மேல் இருந்த டிவிஷன் ஒன் அணிகள் இப்போது எண்பதை ஒட்டி நிற்கின்றன.

இப்போது பணக் கணக்கும் மாறிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்களுக்கான பணம் பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பங்கு அமெரிக்க ஃபுட்பாலுக்கும் பாஸ்கட்பாலுக்கும் போகிறது. இந்த நேரத்தில் ஒரு விளையாட்டுத் துறை இயக்குநரிடம் போய், டிக்கெட் வருமானம் அதிகம் இல்லாத புது ஆண்கள் அணி ஒன்றைத் தொடங்குங்கள் என்று சொன்னால், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். 2025 ஜனவரியில் கிளீவ்லாண்ட் ஸ்டேட் இருந்த அணியையே மூடியது. முன்பு ஓர் ஆண்கள் அணிக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப்தான். இந்தச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகள் இப்போது அணியில் இருக்கும் முப்பது பேருக்கும் கொடுக்கலாம். பென் ஸ்டேட் போன்ற பலமான பழைய அணிகளுக்கு இது கொண்டாட்டம். புதிதாக வருபவர்களுக்கு மேடு இன்னும் உயர்ந்துவிட்டது.

வந்தும் நிலைக்காத கதைக்கு ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு மல்யுத்தம் ஊறிய மண். அங்கேயே 2006-ல் அணியை மூடினார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள். 2017-ல் அணி திரும்பி வந்தது, ஆண் பெண் சமநிலைக்காகப் பெண்கள் வாட்டர் போலோ அணியையும் உடன் சேர்த்துக்கொண்டு. கூட்டமும் வந்தது. 2020 அக்டோபரில், கோவிட் நட்டத்தைக் காரணம் காட்டி மறுபடியும் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். ரசிகர் கூட்டம் இருந்தால் அணி பிழைக்கும் என்று சொல்பவர்கள் ஃப்ரெஸ்னோவுக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரட்டும். ஸ்டான்ஃபோர்டும் அதே 2020-ல் 11 விளையாட்டுகளை வெட்டுவதாகச் சொன்னது. அதில் மல்யுத்தமும் ஒன்று. அடுத்த மார்ச்சில் அதன் வீரர் ஷேன் கிரிஃபித் கல்லூரிப் பெயரே இல்லாத கறுப்பு உடையில் இறங்கி தேசியப் பட்டம் வென்றார். மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அங்கே பணம் திரட்டவும் வழக்குப் போடவும் வசதியான பழைய மாணவர்கள் இருந்தார்கள். எல்லாக் கல்லூரிக்கும் அது வாய்க்குமா?

அப்படியானால் எங்கிருந்துதான் வரும்? ஒன்று, வேரிலிருந்து வேலை செய்யும் ஆட்கள் இருக்கும் இடத்தில். ஆர்கன்சாவில் கிரெக் ஹாட்சர் என்ற காப்பீட்டுத் தொழிலதிபர் முதலில் பள்ளிகளில் மல்யுத்தத்தைக் கொண்டுவரப் பாடுபட்டார். பள்ளி அளவில் அங்கீகாரம் கிடைத்துப் பத்து ஆண்டுக்குப் பின், லிட்டில் ராக் பல்கலைக்கழகத்துக்கு 1.4 மில்லியன் டாலர் கொடுத்து, 2019-ல் அந்த மாநிலத்தின் முதல் டிவிஷன் ஒன் அணியைத் தொடங்க வைத்தார். நன்கொடை என்றால் இப்படி இருக்க வேண்டும். காசோலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரண்டாவது, பெண்கள். சண்டை வரப்போவது இங்கேதான் என்று தெரிந்தே எழுதுகிறேன். நாற்பது வருடமாக மல்யுத்த ஆட்கள் எதற்கெடுத்தாலும் டைட்டில் நைன் சட்டத்தைத் திட்டி வந்திருக்கிறார்கள். பெண்களுக்குச் சம வாய்ப்பு கேட்கும் அந்த 1972 சட்டத்தால்தான் ஆண்கள் அணிகள் செத்தன என்பது அவர்கள் கட்சி. ஃபுட்பால் அணி மட்டும் நூறு பேரைத் தாண்டி இடத்தை அடைத்துக்கொண்டதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அயோவாவில் நடந்ததைப் பாருங்கள். 2020-ல் அந்தப் பல்கலைக்கழகம் பெண்கள் நீச்சல் அணியை வெட்டப் பார்த்தது. மாணவிகள் அதே டைட்டில் நைனைக் காட்டி வழக்குப் போட்டார்கள். நீச்சல் திரும்பி வந்தது. அதோடு 2021-ல் பெண்கள் மல்யுத்த அணி தொடங்கும் அறிவிப்பும் வந்தது, பெரிய கூட்டமைப்புப் பல்கலைக்கழகங்களில் முதன்முறையாக. கிளாரிசா சுன் பயிற்சியில் 2024-ல், முதல் சீசனிலேயே தேசியப் பட்டம். 2025 ஜனவரியில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு பெண்கள் மல்யுத்தத்தை முழு சாம்பியன்ஷிப் விளையாட்டாக ஏற்றுக்கொண்டது, 2026 முதல். 2013-14-ல் நாடு முழுவதும் பள்ளி அணிகளில் பத்தாயிரம் பெண்கள்கூட இல்லை. 2023-24-ல் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். திட்டித் தீர்த்த சட்டம்தான் இப்போது கதவைத் திறந்து விடுகிறது. புது மைதானமும் வேண்டாம், ஒரு அறை, சில மல்யுத்த விரிப்புகள், நல்ல கோச், பயணச் செலவு, அவ்வளவுதான். விளையாட்டு அணிகளில் பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருக்கும் கல்லூரிக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

மூன்றாவது வகை எனக்குக் கொஞ்சம் பயம் தருகிறது: சின்னத் தனியார் கல்லூரிகள். இன்று புது அணிகளில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன. உதவித்தொகை போகத் தலைக்கு 20,000 டாலர் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், 30 பேர் வந்தால் ஆறு லட்சம் டாலர். அணிச் செலவு போக மிச்சம் நிற்கும். அமெரிக்காவில் பிறப்பு 2007-க்குப் பிறகு குறைந்துகொண்டே வருகிறது. அந்தப் பிள்ளைகள் கல்லூரி வயதுக்கு வரும் நேரம் இது. இருக்கை நிரப்ப ஆள் வேண்டும், அதற்கு ஒரு கோச் வேண்டும். இதில் தவறு ஒன்றும் இல்லை, கல்லூரி நிற்கும் வரை. ஒஹாயோவின் நோட்டர் டேம் காலேஜ் 2014-ல் டிவிஷன் டூ மல்யுத்தப் பட்டம் வென்ற இடம். 2024-ல் கல்லூரியே மூடப்பட்டது. மறு ஆண்டு தென் கரோலினாவில் லைம்ஸ்டோன் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது.

ஆகவே பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு: கோச்சிடம் தரவரிசை கேட்பதற்கு முன், கல்லூரியின் வரவு செலவைக் கேளுங்கள். முதல் வருடம் சேர்ந்த வீரர்களில் எத்தனை பேர் நாலாவது வருடம் மிஞ்சுகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரியைப் பார்ப்பது நல்லது.

டெக்சாஸில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று எப்போதாவது அணி தொடங்கினால், அது பெண்கள் அணியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆண்கள் அணி அதன் பின்னால் வரலாம். முன்னால் வராது. மறுப்பவர்கள் கமெண்டில் வாருங்கள், ஃப்ரெஸ்னோவுக்கு மட்டும் ஒரு பதிலோடு வாருங்கள்.