"வந்துவிட்டீர்கள்" என்று மேப் சொன்னால் எங்கே நிற்கிறோம்?

பார்வையற்றவர் தெருவில் தனியாக நடக்கும்போது மேப் செயலியை எந்த அளவுக்கு நம்பலாம்? தலைக்கு மேல் மறைப்பே இல்லாத திறந்தவெளியில்கூட ஸ்மார்ட்போன் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். இருவழிச் சாலையின் அகலம் பொதுவாக 7 மீட்டர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து யோசித்தாலே புரியும், சாலையின் எந்த ஓரத்தில் நிற்கிறோம் என்பது போனுக்குத் தெரியாது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வரும். அங்கே 20, 30 மீட்டர் தள்ளிக் காட்டினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, வழிகாட்டும் செயலிகள் நம்முடைய புள்ளியைப் பக்கத்திலிருக்கும் சாலைக்கோட்டின் மேல் இழுத்து ஒட்டவைக்கும். கார் ஓட்டுபவருக்கு அது உதவி. நடந்து போகிற பார்வையற்றவருக்கோ, பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு தெருக்களில் தப்பான தெருவின் பெயரைத் துளியும் தயங்காமல் வாசித்துவிடும்.

அதனால் மூன்று கேள்விகளைச் செயலியிடம் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. எந்தப் பக்கம், வாசல் எங்கே, எப்போது கடக்கலாம். இவை வெண்கோலுக்கும் காதுக்கும் உரியவை, வழிகாட்டி நாய் வைத்திருப்பவர்களுக்கு நாய்க்கும். செயலியிடம் கேட்கவேண்டியது வேறு: இது என்ன தெரு, அடுத்த சந்திப்பு எது, இன்னும் எவ்வளவு தூரம், நெருங்குகிறேனா விலகுகிறேனா. கூகுள் மேப்ஸ் 2019 அக்டோபரில் அறிமுகப்படுத்திய விரிவான குரல் வழிகாட்டல், பெரிய சாலை ஒன்றைக் கடக்கப்போகிறோம் என்று எச்சரிக்கும், தடம் மாறினால் சொல்லும். நல்ல வசதிதான். ஆனால் எதிரே வருகிற வண்டி அதற்குத் தெரியாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, நேரம். சாதாரண நடையில் விநாடிக்கு 1.3 மீட்டர் போகிறோம். திருப்பத்தையும் தெருப்பெயரையும் சேர்த்து ஒரு வாக்கியமாகக் குரல் சொல்லி முடிக்க 4 விநாடி ஆனால், அதற்குள் 5 மீட்டர் கடந்திருப்போம். ப்ளூடூத் இயர்போன் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். ஆகவே "இடப்பக்கம் திரும்பவும்" என்று கேட்டதும் திரும்பக் கூடாது. தேட ஆரம்பிக்கவேண்டும். நடையைக் குறைத்து, கோலை இடப்பக்கச் சுவர் ஓரமாகக் கொண்டுபோனால் ஓரிடத்தில் சுவர் முடியும். கோல் தட்டும் ஓசை அங்கே விரிந்து கேட்கும், பக்கவாட்டில் காற்று படும், குறுக்கே ஓடும் வண்டிச் சத்தம் முன்னாலிருந்து பக்கத்துக்கு நகரும். திருப்பம் அதுதான். செயலி சொன்னது அந்தத் திருப்பத்தைத் தேடவேண்டிய பத்துப் பதினைந்து மீட்டரை மட்டுமே.

நடக்கத் தொடங்கும் இடம்தான் இருப்பதிலேயே மோசம். "வடக்கு நோக்கிச் செல்லவும்" என்று ஆரம்பிக்கும் செயலியை வடிவமைத்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தெருவாவது நடந்திருக்கமாட்டார். நின்றுகொண்டிருக்கும்போது எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதை ஜிபிஎஸ்ஸால் சொல்லமுடியாது. போனிலுள்ள காந்தத் திசைகாட்டிதான் சொல்லவேண்டும். காந்த மூடி வைத்த போன் உறை, பக்கத்தில் நிற்கும் கார், இரும்பு கேட் எல்லாமே அதைக் குழப்பும். உறையைக் கழற்றி, போனை எட்டுப்போல் காற்றில் சில முறை சுழற்றினால் ஓரளவு சரியாகும். அதைவிட நம்பகமான வழி நடந்து பார்ப்பது: பாதுகாப்பான நடைபாதையில் ஒரே நேராக 20, 25 அடி வைத்துவிட்டு, மீதித் தூரம் குறைந்ததா கூடியதா என்று கேளுங்கள். நகரும்போது ஜிபிஎஸ்ஸே திசையைக் கணக்கிட்டுவிடும், திசைகாட்டியின் தயவு தேவைப்படாது.

வழியைப் புறப்படும் முன்பே வாசித்துவிடவேண்டும். தெருவில் நின்று, திரையிலிருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கோ (ஆண்ட்ராய்டு) வாய்ஸ்ஓவரோ (ஐபோன்) வைத்துத் திரையைத் தடவிக்கொண்டிருந்தால், கோலும் சும்மா இருக்கும், காதும் தெருவைக் கேட்காது. போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுபவனுக்கும் வசதி. சேருமிடத்தைக் கொடுத்து, நடைப்பயணத்தைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தை விட்டுவிட்டு எழுத்துவடிவ வழிப்பட்டியலுக்குப் போங்கள். திருப்பங்கள் எத்தனை, கடக்கவேண்டிய சாலைகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். செயலி முதலில் காட்டுவது பெரும்பாலும் சீக்கிரம் போகும் வழி. நமக்கு வேண்டியது கடக்கும் இடங்கள் குறைந்த, போக்குவரத்து சிக்னல் உள்ள வழி. அது 300 மீட்டர் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்தால் செயலியை அந்த வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

திருப்பம் சொல்லும் செயலி ஒன்று மட்டும் போதாது, சுற்றுப்புறம் சொல்லும் செயலி ஒன்றும் வேண்டும். ஐபோனில் 2012 முதல் இருக்கும் ப்ளைண்ட்ஸ்கொயர் (காசு கொடுத்து வாங்கவேண்டும்), ஐபோனில் கிடைக்கும் வாய்ஸ்விஸ்டா, ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும் லசாரில்லோ ஆகியவை அந்த வகை. நடக்க நடக்கச் சந்திப்புகளையும் கடைகளையும் சொல்லிக்கொண்டே வரும். என் பார்வையில், பழகாத ஊரில் இந்த வகைதான் முதலில் நிற்கவேண்டும். திருப்பம் சொல்லும் குரலுக்குப் பின்னால் போனால் வழி மனதில் தங்குவதில்லை. தெருக்களைக் கேட்டுக்கொண்டு போனால் மறுமுறைக்கு வரைபடம் தலைக்குள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட சவுண்ட்ஸ்கேப், போகும் இடத்தின் திசையிலிருந்தே ஓசை கேட்கவைத்தது. 2023 ஜனவரியில் அதை ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்து, ஜூன் இறுதியோடு சேவையையும் நிறுத்திவிட்டார்கள். மூலநிரல் பொதுவில் விடப்பட்டதால்தான் அதன்மேல் கட்டிய வாய்ஸ்விஸ்டா இன்று இருக்கிறது. எவ்வளவு நல்ல செயலியானாலும் சேமித்த இடங்களை அதை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

இடங்களைச் சேமிப்பதிலும் ஒரு முறை உண்டு. மேப்பின் குறி பல இடங்களில் கட்டடத்தின் நடுவில் குத்தப்பட்டிருக்கும், வாசல் பின்தெருவில் இருக்கும். "வந்துவிட்டீர்கள்" என்ற குரல் மதிற்சுவருக்கு முன்னால் கேட்பது இதனால்தான். யாராவது துணைக்கு இருக்கும்போது வாசலில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று, புள்ளி நிலைப்பட்ட பிறகு சேமியுங்கள். வேறொரு நாளில் சரிபாருங்கள். அதைவிட நல்லது, வாசலுக்குச் சற்று முன்னால் கோலுக்குத் தட்டுப்படும் ஏதாவது ஒன்றைச் சேமிப்பது: சாய்தளத்தின் விளிம்பு, கம்பிவேலி தொடங்கும் இடம், தரை கல்லிலிருந்து சிமென்ட்டாக மாறும் இடம். 5 மீட்டர் பிழைக்குள் அந்த ஒன்றைக் கோல் கண்டுபிடித்துவிடும். பெயரிலேயே மிச்ச வழியையும் எழுதிவிடலாம், "கம்பிவேலி, பிறகு வலப்பக்கம் இரண்டாவது கேட்" என்பதுபோல.

பேருந்திலும் இதே செயலிகள் உதவும். போனை ஜன்னலோரம் வைத்தால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். இறங்கவேண்டிய நிறுத்தத்தோடு அதற்கு முந்தையதையும் சேமித்துவைத்தால் எழுந்து நிற்க நேரம் இருக்கும்.

காதை அடைக்கும் இயர்போன் கூடவே கூடாது. இரைச்சல் நீக்கும் வகை, அதிலும் மோசம். எலும்புவழி ஒலி கடத்தும் ஹெட்போன் இரண்டு காதையும் திறந்தே வைக்கும், வண்டி வரும் திசை தெரியும். அது இல்லையென்றால் போனை மார்புப் பையில் வைத்து ஸ்பீக்கரில் கேட்கலாம். கடக்கும் இடத்தில் எதுவாயிருந்தாலும் குரலை நிறுத்திவிடுங்கள்.

அமைப்புகளில் துல்லிய இருப்பிட அனுமதி இயங்கவேண்டும். வைஃபையை அணைக்காதீர்கள், இணையத்தில் சேராவிட்டாலும் இருப்பிடம் கண்டுபிடிக்க உதவும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கன அமைப்பிலிருந்து செயலிக்கு விலக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்த சில நிமிடங்களில் குரல் சத்தமில்லாமல் நின்றுவிடும், நாமும் திருப்பம் எதுவும் இல்லை என்று நினைத்து நேராகப் போய்க்கொண்டிருப்போம். ஐபோனில் வாய்ஸ்ஓவர் இயங்கும்போது மூன்று விரலால் மூன்று முறை தட்டித் திரையை இருட்டாக்கலாம், அடுத்தவர் எட்டிப்பார்க்க முடியாது. பவர்பேங்க் பையில் இருக்கட்டும்.

பார்வையுள்ள நண்பர்களுக்கு ஒன்று. வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்து லொகேஷன் அனுப்பாதீர்கள், கூரைக்குக் கீழே அது எங்கோ காட்டும். வெளி கேட்டுக்கு வந்து, ஒரு நிமிடம் நின்று அனுப்புங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: எந்தத் தெருவிலிருந்து வந்தால் எந்தப் பக்கம், கேட் இரும்பா மரமா, படி எத்தனை.