தூக்கத் தொடக்கத்து உதறலும் ஆட்டிசமும்

தூக்கத் தொடக்கத்து உதறலைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, கண் அயரும் நேரத்தில் உடல் இப்படித் தூக்கிவாரிப் போடுவதற்கு மன அழுத்தமே காரணம் என்று முடித்துவிடுகிறது. மன அழுத்தமும் தூக்கக் குறைவும் இரவில் குடிக்கும் காபியும் அதைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கவலையும் இல்லாதவர்களுக்கும் உறக்கத்தில் நழுவும்போது தசைகள் ஓரிரு முறை வெட்டி இழுப்பது இயல்பே.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. அக்குழந்தைகளிடையே வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதால், உதறல் விட்டுவிட்டுத் தொடர்ந்தாலோ, விழித்திருக்கும்போதும் வந்தாலோ, பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறது என்று திருநீறு பூசுவதோடு நின்றுவிடாமல், கைபேசியில் படம்பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையெனில் அவர், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுக்கச் சொல்வார். படம்பிடிக்கையில் போர்வையை விலக்கி, முகமும் கைகால்களும் ஒருசேரத் தெரியுமாறு எடுப்பது மிகவும் உதவும்.