வேடிக்கை பார்க்கப் போவது புதுசு இல்லை

ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருக்கும் செயின்ட் கில்டா தீவைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஊர்மக்கள் விட்டுப்போன அந்தத் தீவை அது 'தொலைந்துபோன சொர்க்கம்' என்கிறது. படத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது: விரிகுடாவை ஒட்டி வளைந்து போகும் ஒற்றைத் தெரு, கூரையில்லாத கல்வீடுகள். சரி, ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பலர் இரண்டு வாரம்கூடத் தாண்டவில்லை, காரணம் ரண ஜன்னி (டெட்டனஸ்). செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவை பிடித்தால்தான் சாப்பாடு. அவசரமென்றால் கடிதத்தை மரத்துண்டுக்குள் அடைத்து, ஆட்டின் மூத்திரப்பையை ஊதி மிதவையாகக் கட்டிக் கடலில் விடுவார்கள். காற்று மனசு வைத்தால் ஸ்காட்லாந்துக் கரையில் ஒதுங்கும், இல்லாவிட்டால் நார்வே!

1930 ஆகஸ்ட் 29-ல் மிச்சமிருந்த 36 பேரும் தாங்களே மனு போட்டுக் கேட்டுத்தான் தீவை விட்டுக் கப்பல் ஏறினார்கள். வீட்டுக்கு வீடு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் வைத்துவிட்டுப் போனார்களாம். இதை எல்லோரும் எழுதுகிறார்கள். நாய்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டுப் போனதைக் கட்டுரை ஏன் விட்டுவிட்டது?

அப்புறம், இந்தத் தீவைப் பார்க்கும் மோகம் தீவு காலியான பிறகு வந்ததல்ல. 1870-களிலேயே நீராவிக் கப்பலில் ஆட்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். தீவுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, கம்பளித் துணியும் பறவை முட்டையும் விற்றுக் காசு பார்த்தார்கள்.