மணிக்கூண்டும் கல்தொட்டியும்

எங்கள் பக்கத்துச் சந்தை ஒன்றில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியை உடைத்துவிட்டார்கள். ஷெட் போட இடைஞ்சலாம். போன வாரம் போனபோது துண்டுகள் வேலியோரம் கிடந்தன. மாடுகள் கழுத்தை உரசி உரசி அதன் விளிம்பு எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருக்கும். மனசே ஆறவில்லை.

நான் பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரன். என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மாட்டுத் தரகர். பொள்ளாச்சிச் சந்தையில் பிடித்த மாடுகளை கோபாலபுரம் வழியாக ஓட்டிக்கொண்டு குழல்மந்தம், வாணியங்குளம் வரை போவார். 1956 நவம்பர் வரைக்கும் இந்த வழியின் இரண்டு முனையும் சென்னை ராஜ்ஜியம், நடுவில் எங்கள் சித்தூர்ப் பக்கம் மட்டும் கொச்சிச் சீமை. அப்புறம் மாநில எல்லை என்று புதுக் கோடு விழுந்தது. மாட்டுக்கு அந்தக் கோடு தெரியுமா? பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் இன்றைக்கும் சந்தை கூடுகிறது. கேரளத்து வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன.

அப்பிச்சி மாட்டின் வாயைப் பிளந்து கீழ்த்தாடையைப் பார்ப்பார். மேலே முன்பல்லே கிடையாது. கீழே பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாக முளைக்கும். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல். எட்டும் வந்துவிட்டால் 'கடை சேர்ந்துடுச்சு' என்பார். விலை பேசும்போது வாய் திறக்கமாட்டார். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலை அழுத்துவார். வாங்குகிறவருக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. பக்கத்தில் நிற்கிற எனக்கு அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியாது.

இதை எழுதக் காரணம் லண்டனில் இருக்கும் ஒரு மணிக்கூண்டு. அங்கே ஸ்மித்ஃபீல்டில், ஊருக்கு நடுவே மாட்டுச்சந்தை. மந்தைகளைத் தெருவழியே ஓட்டிவந்து ஜனங்கள் நடக்க முடியாமல் போனது. சட்டம் போட்டு, 1855இல் இஸ்லிங்டன் பக்கம் புதுச் சந்தை திறந்தார்கள். பன்னிங் என்பவர் வடிவமைத்தார். நடுவில் உயரமான மணிக்கூண்டு, நாலு மூலையிலும் ஒவ்வொரு மதுக்கடை. சந்தை எப்போதோ போய்விட்டது, அந்த இடத்தில் குடியிருப்புகளும் பூங்காவும் வந்துவிட்டன. கூண்டை மட்டும் விடவில்லை. பழுதுபார்த்து, 2019இல் ஜனங்கள் ஏறிப் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

சந்தையே இல்லாத ஊரில் கூண்டைக் காப்பாற்றுகிறார்கள். சந்தை உயிரோடு இருக்கும் நம் ஊரில் தொட்டியை உடைக்கிறோம். இதுதான் என் ஆத்திரம்.

2017இல் சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது தமிழ்நாடு, கேரளம் இரண்டும் கொதித்தன. மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டித்தது. சந்தைக்காக அன்றைக்கு அவ்வளவு பேசினோமே. அந்தச் சந்தையின் கல்லுக்கும் மரத்துக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

ஷெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயிலில் மாடும் மனிதனும் வாடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தொட்டியைப் பத்தடி தள்ளி வைத்திருக்கலாம், அவ்வளவுதான். இன்னும் பல சந்தை வழிகளில் அத்தாணிக் கற்கள் நிற்கின்றன, தலைச்சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய கற்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் வேலை தொடங்குகிறார்கள் என்றால், பஞ்சாயத்தில் முன்னாடியே போய்க் கேளுங்கள். எங்கள் தொட்டியின் துண்டுகளில் பெரியது ஒன்றை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வழவழத்த விளிம்பு அதில் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது.